ஃபெட் கோப்பை பிளே-ஆஃப்: இந்திய மகளிர் அணி

2020 மார்ச்சில் துபாயில் நடந்த ஃபெட் கோப்பை ஆசியா/ஓசியானியா மண்டலச் சுற்றில் இந்தியா இரண்டாமிடம் பெற்று, முதன்முறையாக பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது. இந்தோனேசியாவுடனான கடைசி மோதலில் ஒற்றையர் ஆட்டங்கள் 1–1 எனச் சமனாயின. சானியா மிர்சா – அங்கிதா ரெய்னா இணையின் இரட்டையர் வெற்றியே கைகொடுத்தது.

விமர்சனம்

மண்டலச் சுற்றின் ஒவ்வொரு மோதலிலும் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் ஆட்டம். 2021 பிளே-ஆஃபிலோ நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர் என்ற முறை இருந்தது. எனவே இரட்டையரின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. பில்லி ஜீன் கிங் கோப்பை எனப் பெயர் மாறிய இப்போட்டியில், 2021 ஏப்ரலில் யூர்மலாவில் லாத்வியாவிடம் இந்தியா 1–3 எனத் தோற்றது. பிரெஞ்சு ஓப்பனை 2017இல் வென்ற ஒஸ்டபென்கோவுடன் அங்கிதா மூன்று செட் வரை போராடினார். ஆனால் ஒருவரின் போராட்டம் போதாது. ஒற்றையரில் வலுவான இரண்டாம் வீராங்கனை உருவாகாதவரை, இரட்டையர் திறமை அணியைப் பிளே-ஆஃப் வாசல்வரை மட்டுமே கொண்டு சேர்க்கும்.