அன்ரிகனி இரண்டாம் முறை ஏன் போனாள்?

சோபொக்கிளிசின் 'அன்ரிகனி'யை நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "முதல் தரமே மண் போட்டுட்டாதானே சேர், பிறகும் ஏன் போய் மாட்டுப்பட்டவ?" விமர்சகர் பலர் மல்லுக்கட்டிய வினா இது.

இந்நாடகத்தைத் 'தனிமனித மனச்சாட்சி எதிர் அரச ஆணை' என்ற வாய்பாட்டுக்குள் அடக்கிவிடுவது எமது வழக்கம். அது பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாய்பாட்டில் பிள்ளையின் கேள்விக்கு விடையில்லை. எதிர்ப்பைக் காட்டுவதற்கு ஒரு தடவை போதுமே!

கி.மு. 441 அளவில் ஏதென்ஸ் அரங்கில் அமர்ந்திருந்தோர் முதலிற் கண்டது ஒரு ஈமக்கடன் விவகாரத்தையே. கிரேக்கருக்கு வேதநூல் இல்லை. மொழிந்தாக வேண்டிய நம்பிக்கைப் பிரகடனமும் இல்லை. அவர்களது சமயம் பெரிதும் கைகளில் இருந்தது. பலியிடுவதும், கல்லறையில் பாலும் தேனும் வைனும் வார்ப்பதும், இறந்தவரைக் கழுவி எண்ணெய் பூசிக் கிடத்துவதுமே சமயம். கழுவுவதும் ஒப்பாரியும் வீட்டுப் பெண்களின் கடன். பெற்றோருக்கு இவற்றைத் தன் கையாலேயே செய்ததாக அன்ரிகனி சொல்கிறாள்.

கிரியோனையும் அவசரப்பட்டுக் கொடுங்கோலன் என்று ஒதுக்கிவிட முடியாது. பொலினைசிஸ் சொந்த நகரின் மீதே படையெடுத்து வந்தவன். துரோகிகளைத் தன் மண்ணில் அடக்க ஏதென்ஸ் சட்டமும் இடந்தரவில்லை. எனினும் எல்லைக்கு அப்பால் அடக்கலாம். கிரியோனோ உடலை நாய்க்கும் பறவைக்கும் விட்டுக் காவலும் போடுகிறான். இறந்தோர் விடயத்தில் ஏதென்ஸ் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்குப் பிற்காலச் சம்பவமொன்று சான்று. கி.மு. 406இல் ஆர்கினுசே கடற்சமரில் வென்றும், புயலில் கடலில் வீழ்ந்தோரையும் மாண்டோரையும் மீட்கத் தவறிய தளபதிகளுள் அறுவரை அந்நகர் கொன்றது.

இனி அந்த வினா. முதல் தடவை உடல்மேல் இருந்தது மெல்லிய புழுதிதான். தீட்டுக்கு அஞ்சிய எவரோ போட்டதுபோல் இருந்ததென்கிறான் காவலாளி. பின்னர் காவலர் அதனைத் துடைத்தெறிகிறார்கள். புழுதிப்புயல் அடங்கியதும் அன்ரிகனி வருகிறாள். வெறுமையான உடலைக் கண்டு, குஞ்சிழந்த கூட்டைக் கண்ட பறவைபோல அலறுகிறாள். மீண்டும் மண் அள்ளுகிறாள். வெண்கலச் செம்பிலிருந்து மும்முறை வார்க்கிறாள். அவளைப் பொறுத்தவரை கலைக்கப்பட்ட கடன் தீர்ந்த கடனல்ல. கொள்கைக்காக வந்தவளாயின் வீட்டிலேயே இருந்திருப்பாள்.

1944இல், ஜெர்மன் பிடியிலிருந்த பாரிஸில் மேடையேறிய ஜோன் அனுயியின் 'அன்ரிகன்' இதனை மறுபக்கத்திலிருந்து தெளிவாக்குகிறது. அங்கு ஈமச்சடங்கு பொருளற்றது என்பதை அவளே ஒப்புக்கொள்கிறாள். தனக்காகவே செய்வதாகச் சொல்கிறாள். வலுவான நாடகந்தான். ஆனால் அங்கே பிணம் ஒரு சாட்டு மாத்திரமே. எமது விமர்சகர் சிலர் சோபொக்கிளிசைப் பேசுவதாக எண்ணிக்கொண்டு அனுயியைப் பேசுகிறார்கள் என்பது எனது ஐயம்.

இறுதிப்பகுதியைக் கவனியுங்கள். பலிபீடங்களில் பிண ஊன் சிதறிக்கிடக்கிறது, தெய்வங்கள் பலியை ஏற்கவில்லை என்று தைரேசியஸ் எச்சரித்த பின்னரே கிரியோன் அசைகிறான். முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடுவி, பின்பு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்கிறது கோரஸ். அவன் வரிசையை மாற்றிவிடுகிறான். எஞ்சிய உடலைக் கழுவி, பசுங்கிளைகளால் எரித்து, சொந்த மண்ணாலேயே மேடெழுப்புகிறான். அதன் பின்னரே குகைக்குப் போகிறான். அங்கே அன்ரிகனி சுருக்கிட்டுத் தொங்குகிறாள்.