நள்ளிரவுக் குரல்கள்: அச்சம் பற்றிய ஓர் இலக்கிய நோக்கு

அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கின்றது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றையும் எவரும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வர். பேயும் புலியும் திருடனும் அஞ்சத்தக்கன என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நான்காவதாக வரும் 'இறை'யே நம்மைச் சற்று நின்று சிந்திக்க வைப்பது. அரசன் மட்டுமன்றி, ஒருவர்மேல் அதிகாரமுடைய எவரும் இச்சொல்லுள் அடங்குவர் எனக் கொள்ள இடமுண்டு. காட்டு விலங்கையும் தம்மை ஆள்வோரையும் ஒரே வரிசையில் நிறுத்திய இவ்வகுப்பு, நாட்டுப்புற இரவில் எழும் விலங்கு பறவைகளின் குரல்களை இலக்கியங்கள் எவ்வாறு கையாண்டுள்ளன என ஆராய்வதற்குப் பொருத்தமான அளவுகோலாகும்.

இத்தகைய குரல்களை நம் விமரிசனங்கள் பெரும்பாலும் 'சூழல் வருணனை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஆந்தை அலறினால் அமங்கலம், நரி ஊளையிட்டால் தனிமை என வாய்பாடுபோல் எழுதிச் செல்கின்றோம். ஆனால் ஒரு குரல் தானாக அச்சந் தருவதில்லை. அதைக் கேட்பவர் யார், அந்த வேளையில் அவர் ஏன் விழித்திருக்கின்றார், அக்குரலுக்குரியதைப் பற்றி அவர் என்ன அறிவார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அச்சத்தின் பொருளை நாம் உணரமுடியும். சில படைப்புகளை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதலிற் சங்கப் பாடல்கள். குறிஞ்சித் திணைக்குரிய சிறுபொழுது யாமம். இரவுக்குறியில் தலைவியைக் காணத் தலைவன் வருவதும் அப்பொழுதில்தான். ஆகவே குறிஞ்சிப் பாடல்களில் இரவின் ஒலிகள் மிகுதியாக வருவது இயல்பே. குறுந்தொகையின் 153ஆம் பாடலில் கபிலரின் தலைவி, முன்னொரு காலத்துத் தன் நெஞ்சின் இயல்பைக் கூறுகின்றாள். குன்றிலே கூகை குழறினாலும், முற்றத்துப் பலாமரக் கிளையில் ஆண்குரங்கு தாவினாலும் அஞ்சி நடுங்கிய நெஞ்சு அது. இன்றோ அதே நெஞ்சு, நள்ளிருளில் மலைச்சாரல் வழியே செல்லும் தலைவன் பின்னே தானும் சென்றுவிட்டது. கூகை மாறவில்லை, குரங்கும் மாறவில்லை. கேட்பவளின் உறவு மாறிவிட்டது. தன்பொருட்டு அஞ்சியவள் பிறன்பொருட்டு அஞ்சுகின்றாள். அச்சம் நீங்கிற்று எனக் கபிலர் பாடவில்லை என்பது கவனித்தற்குரியது. அச்சம் இடம்பெயர்ந்தது என்றே பாடுகின்றார்.

நற்றிணையின் 83ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பெருந்தேவனாரின் இப்பாடலில் தோழி, ஊர் நீர்த்துறையருகே முதுமரத்தில் வாழும் கூகையை விளித்துப் பேசுகின்றாள். நெய் கலந்த ஊன்சோறும் எலியின் சூட்டிறைச்சியும் நிறையத் தருவோம். எம் காதலர் வரவை விரும்பித் துயிலாது வருந்தும் இவ்வேளையில் அஞ்சும்படி குரல் எழுப்பாதே என்பது அவளது வேண்டுகோள். ஆனால் அவள் உண்மையிற் பேசுவது கூகையோடன்று. மறைவில் நின்று கேட்கும் தலைவனோடு. களவொழுக்கத்தின் இடர்களை அவன் உணர்ந்து மணத்துக்கு முயலவேண்டும் என்பதே அவள் கருத்து. பறவையின் குரல் அச்சந் தருவதற்குக் காரணம், அது வீட்டாரின் துயிலைக் கலைக்கக்கூடும் என்பது. விலங்கின் அச்சமாகத் தோன்றுவது, அகழ்ந்து பார்த்தால், இல்லத்தின் காவலுக்கு, அதாவது 'இறை'க்கு அஞ்சும் அச்சமாக முடிகின்றது.

இதே உண்மையை இலங்கைக் கிராமிய மரபு வேறொரு வகையிற் பேணி வைத்துள்ளது. சிங்கள மக்கள் 'உலமா' என்றும், ஆங்கிலேயர் பேய்ப்பறவை என்றும் அழைத்த ஒரு பறவையின் குரல், காட்டோரக் கிராமங்களில் இரவில் ஒரு பெண்ணின் ஓலம்போல் எழும் என்பர். அதைக் கேட்பது சாவுக்கு அறிகுறி என்ற நம்பிக்கையும் உண்டு. மனைவியின் கற்பில் ஐயுற்ற கணவன், அவள் இல்லாத வேளையிற் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறினான். கறியிற் குழந்தையின் விரலைக் கண்ட தாய் அலறியபடி காட்டினுள் ஓடிப் பறவையானாள் என்பது கதை. இக்குரல் எப்பறவைக்குரியது என்னும் ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெற்றுள்ளது. 1861இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் டெனன்ற் பழுப்பு மர ஆந்தை ஒன்றைக் குறித்தார். பிற்காலத்தவர் பலர் பெரிய கொம்பன் ஆந்தை இனமொன்றைச் சுட்டியுள்ளனர். இவ்வாராய்ச்சி பயனுடையதே. எனினும், பறவையின் பெயர் தெரிந்தவுடன் கதை பொருளிழந்துவிடும் எனக் கருதுவது தவறு. இக்கதையில் குழந்தையைக் கொன்றது காடன்று, வீடு. அணங்கின் குரலாகக் கேட்கப்படுவது, தன்மேல் அதிகாரமுடையவனாற் சிதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் முறைப்பாடு. பகலில், ஊர்நடுவே, சொல்ல இயலாததை இரவுக்கும் பறவைக்கும் மக்கள் ஒப்படைத்தனர் எனலாம்.

லெனாட் வுல்ப் 1913இல் வெளியிட்ட, காட்டில் உள்ள கிராமம் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஆங்கில நாவலை இனி நோக்குவோம். 1904 முதல் 1911 வரை இலங்கையிற் பணியாற்றிய வுல்ப், 1908 முதல் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். காடு தீயது என்ற தீர்ப்புடனேயே அவரது நாவல் தொடங்குகின்றது. ஆனால் கதை அத்தீர்ப்பை ஏற்க மறுக்கின்றது என்பதே என் கருத்து. வேட்டைக்காரனான சிலிந்துவின் குடும்பத்தை அழிப்பவை எவை? சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதி, தீராத கடன், ஊர்த்தலைவன் பாபெஹாமியின் பகை, வட்டிக்காரன் பெர்னாண்டோவின் இச்சை, பொய் வழக்கு, விளங்காத மொழியில் நடக்கும் நீதிமன்றம் என்பனவே. ஹின்னிஹாமி வளர்த்த மான்குட்டியைக் கல்லெறிந்து கொன்றவர்களும் ஊரவரே. இறுதியில் ஊர் முழுவதும் அழிந்து புஞ்சி மெனிக்கா தனித்து எஞ்சிய பின்னரே காட்டுப்பன்றி குடிசையினுள் நுழைகின்றது. மனிதர் செய்து முடித்த வேலையின் மீதியே விலங்குக்கு விடப்பட்டுள்ளது. காட்டைக் குற்றஞ்சாட்டித் தொடங்கிய அதிகாரியின் பேனா, தன்னையறியாமலே அதிகாரத்தின்மீது சாட்சியம் கூறி முடிக்கின்றது. நாவலின் பலவீனமெனச் சிலர் கருதக்கூடிய இம்முரண்பாடே அதன் நேர்மை எனக் கொள்ளவேண்டும்.

வுல்பின் செவி வெளியிலிருந்து வந்தவரின் செவி. வன்னி மண்ணிற் பிறந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) காட்டை உள்ளிருந்து கேட்கின்றது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட இந்நாவலில் வேட்டையில் வல்ல கதிராமனுக்குக் காடு பகையன்று, வாழ்வு. பதஞ்சலியின் வாழ்வைக் குலைப்பதும் விலங்கன்று. மனித உறவின் நெருக்கடியே. காட்டை அறிந்தவனுக்கு அதன் ஒலி ஒரு செய்தி. அறியாதவனுக்கு அது மிரட்டல். ஆனால் இந்நாவலை இன்று வாசிக்கும் நாம் மற்றொன்றையும் மறக்கலாகாது. 1984இன் இறுதியில் தண்ணிமுறிப்பு உள்ளிட்ட அப்பகுதி ஊர்களிலிருந்து மக்கள் இடம்பெயர நேர்ந்தது. காட்டின் ஒலியை மொழியாக வாசிக்கத் தெரிந்த ஒரு சமூகம் காட்டிலிருந்தே பிரிக்கப்பட்டது. நாவலின் பெறுமதி இவ்விழப்பால் இரட்டிப்பாகின்றது.

விலங்கின் அச்சம் யாவும் மாயை என இங்கு வாதிப்பதாக எவரும் கருதவேண்டாம். நம் நாட்டில் 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் இறந்த மனிதரும் ஒவ்வோராண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். இரவு முழுவதும் காவற்பரணில் விழித்திருக்கும் உழவனுக்கு மரக்கிளை முறியும் ஓசை உயிர்ப் பிரச்சினையாகும். அவனிடம் சென்று குறியீடு பற்றிப் பேசுவது நகைப்புக்கிடமானது. எனினும், அவனது பயிரும் யானையின் வழித்தடமும் ஒன்றையொன்று வெட்டும்படி நிலத்தைப் பங்கிட்டவர் யார் என்று வினவும்போது, நான்காவது நிலைக்களன் மீண்டும் நம்முன் வந்து நிற்கின்றது.

இக்கருத்துகள் எனக்கு நூல்களிலிருந்து மட்டும் கிடைத்தவையல்ல. கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்த யான், இப்போது களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடையில் முல்லைத்தீவு நண்பர் ஒருவருடன் அறையொன்றிற் தங்கியிருக்கின்றேன். 2011 முதல் அங்கு இயங்கும் மீன்சந்தைக்கு விடியுமுன்னரே லொறிகள் வரத் தொடங்கும். அதற்கு முந்திய வேளையில் ஊர் சற்று அடங்கியிருக்கும். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது என்பதைப் பத்திரிகையிற் படித்திருந்தேனேயன்றி, ஈரநிலத்துக்கு இரவில் ஒரு குரல் உண்டென்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஓரிரவு கூரையின்மேல் தடதடவென்று ஏதோ ஓட, அதையடுத்து ஒரு கீச்சிட்ட அலறல் எழுந்தது. நான் நடுங்கி எழுந்து விளக்கைப் போட்டேன். நண்பர் கண்ணைத் திறவாமலே "மரநாய், படும் ஐசே" என்று சொல்லிவிட்டு மறுபுறம் திரும்பிப்படுத்தார். அடுத்த கணமே அவர் உறங்கிவிட்டார்.

சில வாரங்களின் பின், அயலில் ஒரு கொண்டாட்டத்தின்போது நள்ளிரவிற் சீனவெடி கொளுத்தினர். நான் புரண்டு படுத்தேன். சற்றுக் கழித்து விழித்துப் பார்த்தபோது, நண்பர் கட்டிலில் இல்லை. சுவரோரமாக, யன்னலுக்குக் கீழே, தலையைத் தாழ்த்திக் குந்தியிருந்தார். 2009இல் அவருக்கு ஆறு வயது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே அறையில், ஒரே இருளில், இரு செவிகள். எனக்கு அச்சமாயிருந்தது அவருக்குத் தாலாட்டு. எனக்குக் கொண்டாட்டமாயிருந்தது அவருக்கு அச்சம். குறுந்தொகைத் தலைவியின் நெஞ்சு இடம்பெயர்ந்ததைப் பாடமாகப் படித்த எனக்கு, அச்சம் ஒருவரது வரலாற்றிலேயே குடியிருக்கின்றது என்பதை அந்த இரவே விளக்கிற்று.

ஆகவே, ஒரு படைப்பில் நள்ளிரவிற் கூகை குழறும்போது விமரிசகன் முதலிற் கூகையைத் தேடலாகாது. விழித்திருப்பவர் யார் என்று தேடவேண்டும். ஊர் முழுதும் துயிலும் வேளையில், நொச்சிப்பூ உதிரும் ஓசையைத் துயிலாது கேட்டிருந்ததாகக் குறுந்தொகையின் 138ஆம் பாடலிற் கொல்லன் அழிசி பாடுகின்றார். அப்பூவின் ஓசை எவரையும் அச்சுறுத்தக்கூடியதன்று. ஆயினும் அதைக் கேட்க ஒருவர் விழித்திருந்தார் என்பதே அப்பாடலின் துயரம். நம் இலக்கியம் அத்தகைய விழித்திருப்போரைப் பதிவுசெய்து வைத்திருக்கின்றது. அவர்கள் ஏன் துயிலவில்லை என்று வினவுவது வாசிப்போராகிய நம் கடமையாகும்.