நாற்சார் வீடும் பின்படலையும்: பருத்தித்துறைப் பழங்கட்டடங்கள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

அண்மைக்காலமாக யாழ்ப்பாணத்து ஊர்கள் பற்றி வெளிவரும் மலர்களையும் நினைவுக் கட்டுரைகளையும் நோக்குமிடத்து, அவற்றில் மனிதரைக் காட்டிலும் வீடுகளே கூடுதலாக இடம்பெறுவதைக் காணலாம். நாற்சார் வீடு, சங்கடப்படலை, துலாக்கிணறு, மூக்குப்பேணி என ஒரு பட்டியல் பெரும்பாலும் மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வருகின்றது. 1987ஆம் ஆண்டு வடமராட்சி இராணுவ நடவடிக்கை, 1995இன் பேரிடப்பெயர்வு, 2004இன் ஆழிப்பேரலை ஆகியவற்றினூடாக வந்த ஒரு சமூகம், எஞ்சிய கல்லையும் மரத்தையும் பற்றிக்கொள்ள விழைவது இயல்பே. அதனைப் பழமைவாதம் என்று ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுதல் மாக்சியமாகாது. ஆயின் இவ்வெழுத்துகள் பழங்கட்டடங்களை எவ்வாறு வாசிக்கின்றன என்பது இலக்கிய விமர்சனம் எழுப்பியே ஆகவேண்டிய வினாவாகும். பருத்தித்துறையை முன்வைத்து இதனை நோக்கலாம்.

பருத்தித்துறையில் தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தை அறியாத வடமராட்சியார் இலர். வீதியின் இருமருங்கிலும் சுண்ணக்கல் தூண்கள், அவற்றின்மீது வீதியையே மூடிநிற்கும் கூரை, தூண்களையொட்டித் திண்ணைகள். மக்கள் கால்நடையாகவும் வண்டிகளிலும் பயணஞ்செய்த காலத்தின் தேவையிலிருந்து பிறந்த கட்டடம் இது. சுமைதாங்கி, கேணி, தண்ணீர்ப்பந்தல் என்பனவும் அத்தேவையின் வேறு வடிவங்களே. இன்று தொல்பொருட் சின்னமாகப் பேணப்படும் இம்மடம், நமது முன்னோரின் விருந்தோம்பலுக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. அக்கூற்றில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் கூரையும் திண்ணையும் சமூக அர்த்தத்தில் ஒன்றல்ல. கூரை வழியின்மீது நிற்பது. வழிச்செல்வோர் அனைவர்மீதும் அதன் நிழல் விழும். திண்ணையோ வழியினின்று உயர்ந்தது. யாழ்ப்பாணச் சமூகத்தில் திண்ணையில் ஏறியமரும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததில்லை. இம்மடத்தின் நிழலைப் பாடுவோர், அதன் திண்ணையில் யார் அமர்ந்தனர், யார் நின்றனர் என்று கேட்பதில்லை.

வீடுகளுக்கு வருவோம். நாற்சார் வீட்டைத் தொன்மை மாறாத தூய தமிழ் மரபின் வடிவமாகக் காண்பது பெருவழக்கு. திறந்த முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம் அமையும் அடிப்படை பழையதே. வெக்கையைத் தணிக்கும் அதன் திறனும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் இன்று படங்களிற் காணும், ஓடு வேய்ந்து தேக்கங்கதவு பூண்ட நாற்சார் வீடு குடியேற்ற ஆட்சிக்காலச் சந்தையின் விளைபொருள். அதன் பின்னால் திருவிதாங்கூருக்குச் சென்ற புகையிலை உண்டு. தென்னிந்தியக் கரையோடு நடந்த கடல் வாணிபம் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் மலாயாவிலிருந்து வந்த சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. கள்ளிக்கோட்டை ஓடு என நாம் வழங்கும் ஓட்டின் கதையோ, 1865இல் மங்களூரில் பாசல் மிசன் பாதிரிமார் நிறுவிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து தொடங்குகின்றது. நம் மரபின் சின்னத்துக்குக் கூரை போட்டவர் சுவிற்சர்லாந்து மிசன் ஒன்றின் பாதிரிமார் என்பது மரபுவாதிகளுக்குச் சற்றே சங்கடமான செய்தி!

சில ஆண்டுகளுக்கு முன் வடமராட்சியில் இத்தகைய வீடொன்றின் வரைபடத்தைத் தயாரிக்க மாணவர் சிலருடன் சென்றிருந்தேன். தலைவாசல், முற்றம், அறைகள், அடுக்களை, கிணற்றடி யாவற்றையும் அளந்து முடித்தோம். அயலில் வசித்த முதிய மேசன் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பின்படலையைக் காணேல்லையே, தம்பி. நாங்கள் அதாலைதானே வந்து போனனாங்கள்" என்றார். வேலியில் அந்த இடைவெளி இன்னமும் இருந்தது. நாங்கள் அதனைப் பார்த்தும் இருந்தோம். வாயில் என்று கருதவில்லை, அவ்வளவே. அவருடைய தந்தையார் அவ்வீட்டின் சுவரைக் கட்டியவர்களுள் ஒருவர். கட்டி முடிந்து குடிபுகுந்த பின்னர் அவர் அதன் முன்வாயிலால் ஒருபோதும் நுழைந்ததில்லை.

எமது வரைபடத்தில் நேர்ந்த தவறே ஊர் மலர்களிலும் நேர்கின்றது. எழுதுபவர் தலைவாசலில் நின்று எழுதுகிறார். ஆதலின் அவர் கண்ணுக்கு முற்றமும் தூணும் தெரிகின்றன. மூக்குப்பேணி இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப்பொருளாகிவிட்டது. அதே வீட்டின் பின்வளவில் தண்ணீரும் தேநீரும் வார்க்கப்பட்ட சிரட்டைக்கு எந்தக் காட்சிச்சாலையிலும் இடமில்லை. பித்தளை நிலைக்கும், சிரட்டை உக்கும் என்பது ஒரு காரணந்தான். அது மட்டுமே காரணமன்று.

இவ்விடத்திலேதான் கே. டானியலின் எழுத்து முக்கியத்துவம் பெறுகின்றது. 'பஞ்சமர்' (1972) முதலான அவருடைய நாவல்கள் கலையழகு குன்றியவை, வெறும் ஆவணங்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அவற்றின் கட்டமைப்புத் தளர்வை யானும் மறுக்கேன். ஆயின் அவற்றில் யாழ்ப்பாணத்து வீடும் கோயிலும் கிணறும் எங்கிருந்து பார்க்கப்படுகின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். படலைக்கு வெளியில், வேலிக்கு அப்பால், கிணற்றுக்கட்டிலிருந்து எட்டி நிற்பவனின் கண்ணால் அவை பார்க்கப்படுகின்றன. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவே வேண்டியிருந்தது. அப்போராட்டங்களினூடாக வாழ்ந்த ஓர் எழுத்தாளனுக்கு வாயில் என்பது வெறும் கட்டடக்கலை உறுப்பாக இருந்திருக்க முடியாது. ஆவணம் என்று குறைகூறப்பட்ட இப்பண்பே, கட்டடங்கள் தாமாகச் சொல்லாததை நமக்கு இன்று சொல்கின்றது.

இதிலிருந்து, நிலமானிய எச்சங்கள் இடிந்து ஒழியட்டும் என்ற முடிவுக்கு முற்போக்காளர் சிலர் வருவதுண்டு. யாந்திரிகமான இம்முடிவு, கட்டடத்தை உரிமையாளனுக்கு மட்டுமே உரியதாக்கிவிடுகின்றது. கல்லைப் பொழிந்தவர், சுண்ணாம்புச் சூளை மூட்டியவர், பனஞ் சிலாகை சீவியவர் ஆகியோரின் பெயர் எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. அவர்களுடைய கைத்திறனுக்கு எஞ்சிய சான்று அச்சுவரும் அக்கூரையுமே. வீடு இடிபட்டால் உரிமையாளரிடம் உறுதியாவது இருக்கும். மேசனிடம் எதுவும் இராது.

இடிபாடு பெரும்பாலும் குண்டினால் மட்டும் வருவதன்று. சீதனமாகக் கைமாறி, பல நாடுகளில் வாழும் பிள்ளைகளிடையே பங்குபட்ட வீட்டைத் திருத்துவதற்கு எவரும் முன்வருவதில்லை. ஓடு கழற்றி விற்கப்படுகின்றது, மழை முற்றத்தைத் தாண்டி உள்ளே வருகின்றது. எனவே பேணும் முயற்சிகள் தொடரட்டும். ஆனால் வரையப்படும் ஒவ்வொரு வரைபடத்திலும் பின்படலையும், வேலையாட்கள் உணவருந்திய இடமும், அவர்கள் தண்ணீருக்காகக் காத்துநின்ற இடமும் குறிக்கப்படுதல் வேண்டும். இவற்றைக் காட்டித்தரக்கூடியோர் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களிற் பலர் இன்றும் அதே வீடுகளின் பின்புற ஒழுங்கைகளிலேயே வசிக்கின்றனர்.