அரக்குத் தட்டில் அகப்படாத பெயர்கள்

பழைய பொருள்களைச் சேர்ப்பவர்களை நம் ஊரில் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். கையில் பணம் இருந்தால் ரசிகர், இல்லாவிட்டால் பைத்தியம். அதிலும் ஒருவர் ஜாஸ் என்றும் ஸ்விங் என்றும் சொல்லிக்கொண்டு, எண்பது வருஷத்துக்கு முந்திய கறுப்புத் தட்டுகளையும், ஓட்டல் நடன இரவுகளுக்கு அச்சிட்ட அட்டைகளையும், வாத்தியக்காரர்களின் மங்கிய புகைப்படங்களையும் தேடி அலைகிறார் என்றால், பணம் இருந்தாலும் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் தங்கள் சேகரிப்பைப் பற்றிப் பேசுகிற பேச்சிலும் எனக்குத் திருப்தி இல்லை. இந்த இரண்டு அதிருப்திக்கும் காரணம் என்ன என்பதை, நரேஷ் பெர்னாண்டஸ் ஆங்கிலத்தில் எழுதி 2012-இல் வெளிவந்த 'தாஜ் மஹால் பாக்ஸ்ட்ராட்' என்ற புத்தகம் எனக்குத் தெளிவாக்கியது. பம்பாயில் ஜாஸ் சங்கீதம் வாழ்ந்து மறைந்த கதை அது.

தேன்கனிக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு பம்பாய் ஜாஸைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேட்டராய சுவாமி கோயில் தேரும், ராகி மூட்டையும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் சந்தையுமாக இருக்கிற ஊர் இது. சாக்ஸபோனுக்கு இங்கே என்ன வேலை? போதாக்குறைக்கு, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான். அவர் 1937-இல் மதுவிலக்கை முதன்முதலாகப் பரீட்சை செய்ய எடுத்துக்கொண்ட சேலம் ஜில்லாவில்தான் அப்போது எங்கள் ஊரும் இருந்தது. குடியும் நடனமும் இல்லாத இடத்தில் ஸ்விங் வாத்தியக் கோஷ்டிக்குப் பிழைப்பு ஏது? ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூர் தண்டு இருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த ஊரில் கிராமபோனுக்கும் நடனத்துக்கும் குறைவிருக்குமா? அங்கே பழைய சாமான் விற்கும் கடைகளில் இன்றும் தட்டுகள் அகப்படுகின்றன. மூன்று மொழிப் பாட்டுகளுக்கு இடையில் அமெரிக்கத் தட்டும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

அந்தத் தட்டைக் கையில் எடுத்ததும் ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அது அரக்கினால் செய்தது. பலாச மரத்திலும் பூவத்தி மரத்திலும் அரக்குப் பூச்சி கசியவிடும் பிசினைச் சோட்டா நாகபுரிக் காட்டு ஜனங்கள் சுரண்டி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அது சுத்தமாகிக் கப்பலேறி, கல்பொடியும் கரியும் சேர்ந்து, நிமிஷத்துக்கு 78 தரம் சுழலும் தட்டாக மாறும். உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் இந்தியாவுக்கே முதலிடம். பென்னி குட்மன் 1935-இல் கலிபோர்னியாவில் ஒரு நடன மண்டபத்தில் வாசித்த இரவிலிருந்து ஸ்விங் யுகம் பிறந்ததாகச் சொல்வார்கள். அந்த யுகம் முழுவதும் நம் காட்டுப் பிசினில்தான் பதிவாயிற்று. யுத்த காலத்தில் கப்பல் போக்குவரத்துக்கு ஆபத்து வந்தபோது, 1942-இல் அமெரிக்க அரசாங்கம் தட்டுக் கம்பெனிகளின் அரக்குச் செலவை வெகுவாகக் குறைக்க உத்தரவிட்டது. பழைய தட்டுகளை வாங்கி உருக்கிப் புதிய தட்டு போட்டார்கள். எத்தனையோ நல்ல சங்கீதம் அப்படி உருகிப் போயிற்று. பஞ்சபாண்டவர்களாவது சுரங்கம் வழியாக அரக்கு மாளிகையிலிருந்து தப்பினார்கள்.

ஆக, ஜாஸ் தட்டு நமக்கு அவ்வளவு அந்நியப் பொருள் அல்ல. அதில் வாசித்தவர்களும் அந்நியர் அல்ல என்று காட்டுவதுதான் பெர்னாண்டஸ் புத்தகத்தின் முக்கியமான சாதனை. 1935-இல் லியோன் அபி என்ற நீக்ரோ வித்வான் தம் கோஷ்டியோடு பம்பாய் தாஜ் மஹால் ஓட்டலுக்கு வந்தார். பிறகு கிரிக்கெட் ஸ்மித் வந்தார். டெடி வெதர்போர்ட் வந்தார். சொந்த தேசத்தில் முன்வாசல் வழியாக நுழைய முடியாத ஓட்டல்கள் பல இருக்க, கடல் கடந்து வந்து ஆசியாவின் பெரிய ஓட்டல்களில் வாசித்தவர்கள் இவர்கள். வெதர்போர்ட் சிகாகோவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குடன் ஒரே கோஷ்டியில் பியானோ வாசித்தவர். அவர் 1945-இல் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார். அமெரிக்க ஜாஸ் சரித்திரங்களில் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. அவர் பதிவு செய்த தட்டுகள்தான் அவருக்காகப் பேச மிஞ்சியிருக்கின்றன.

இவர்களிடம் வித்தை கற்றவர்கள் கோவாக்காரர்கள். மாதா கோயில் பள்ளிக்கூடங்களில் சிறு வயதிலேயே ஸ்வரக் குறிப்பு படிக்கக் கற்றவர்கள். அல்டோனா கிராமத்து அந்தோனியோ சேவியர் வாஸ் 'சிக் சாக்லேட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்று புகழ் பெற்றார். நடன மண்டபத்து வரும்படி குறைந்தபோது இவர்களில் பலர் பட உலகத்துக்குப் போனார்கள். சினிமா சங்கீத டைரக்டர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதை முப்பது நாற்பது வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். 1951-இல் வந்த 'அல்பேலா'வில் சி. ராமச்சந்திராவின் ஸ்விங் பாட்டுகளைக் கேட்டுத் தேசமே கூத்தாடிற்று. அதில் சிக் சாக்லேட்டுக்கு ஒரு காட்சியிலாவது திரையில் தலைகாட்டும் பாக்கியம் கிடைத்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1977-இல் 'அமர் அக்பர் அந்தோணி' படப் பாட்டு ஒன்றினால் அந்தோணி கன்ஸால்வஸ் என்ற பெயர் மூலை முடுக்கெல்லாம் பரவியது. அந்தப் பெயருடையவர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த குரு என்று, பாட்டை முணுமுணுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இடத்தில்தான் சேகரிப்பவர்களோடு எனக்கு வழக்கு. அவர்கள் தட்டின் விலையை எதைக்கொண்டு நிர்ணயிக்கிறார்கள்? கிடைப்பது அரிதா, கீறல் உண்டா, உறை கிழிந்ததா, நடுவில் ஒட்டிய காகிதத்தின் நிறம் மங்கியதா என்பதைக்கொண்டு. மேல்நாட்டில் 78 சுழற்சித் தட்டு மறைந்துபோன பிறகும், 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டுகளை அந்த வேகத்திலேயே இந்தியாவில் தட்டு போட்டார்கள். அரிது என்ற ஒரே காரணத்துக்காக இன்று உலகச் சந்தையில் அவற்றுக்குக் கொள்ளை விலை. நம் மின்சாரமில்லாத வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிகள் இருந்ததால்தான் அந்தப் பழைய தட்டுக்கு இங்கே ஆயுள் நீண்டது. அந்தக் கதையை யாரும் விலை பேசுவதில்லை. அரிய பொருள் என்பது வேறு, அருமையான பொருள் என்பது வேறு. ஊசி தேய்ந்துவிடும், பள்ளம் கெட்டுவிடும் என்று பயந்து, வாங்கிய தட்டை ஒருமுறைகூடச் சுழலவிடாத சேகரிப்பாளர்கள் உண்டு. வீணையை வாங்கி உறையோடு மாட்டிவைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பெர்னாண்டஸ் அந்த ஜாதியில் சேர்ந்தவர் அல்ல. அவர் கையில் ஒரு புகைப்படம் கிடைத்தால், நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்கிறார். கிடைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு அவருடைய கிராமத்துக்குப் போகிறார். கிழவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். பிராங்க் பெர்னாண்ட் என்ற டிரம்பெட் வித்வான் ஓட்டல் மேடையிலிருந்து இந்திப் பட உலகத்துக்கு வந்து, 1963-இல் கொங்கணியில் ஒரு படமே தயாரித்தார் என்பது போன்ற வாழ்க்கைகளை மறதியிலிருந்து மீட்டுத் தருகிறார். சேகரிப்பு என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

புத்தகத்தில் ஒரு குறையும் உண்டு. பெரிய அளவில், பளபளக்கும் காகிதத்தில், பக்கத்துக்குப் பக்கம் படங்களோடு வந்திருக்கிறது. எழுத்து வாத்தியக்காரனின் பாட்டைச் சொல்கிறது. படங்களோ ஓட்டலின் ஜொலிப்பைச் சொல்கின்றன. சரவிளக்கையும் பட்டு கவுனையும் பார்த்துவிட்டு 'அந்தக் காலம் வருமா' என்று பெருமூச்சு விட்டு மூடிவைப்பவர்களுக்கும் அது இடம் கொடுக்கிறது. அந்தக் காலத்தில் அந்த வாசலுக்குள் தாங்கள் நுழைந்திருக்கவே முடியாது என்பது பெருமூச்சு விடுகிறவர்களில் பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். புத்தகம் பம்பாயைப் பற்றியது. சென்னையைப் பற்றிச் சொல்லவில்லையே என்று ஆசிரியரோடு சண்டை போடுவது அநியாயம். சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். 1958-இல் டேவ் ப்ரூபெக் கோஷ்டி சென்னைக்கு வந்தபோது, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு அதன் கணக்குகளில் மயங்கியது. 1963-இல் டியூக் எல்லிங்டன் கோஷ்டியும் சென்னைக்கு வந்தது. அடுத்த வருஷம் வந்த 'புதிய பறவை'யில் சௌகார் ஜானகி மேடையில் நின்று பாடுவதாக வரும் பாட்டைக் கேளுங்கள். பி. சுசீலாவின் குரலுக்குப் பின்னால் மூச்சை அடக்கி அடக்கி விடுகிற பித்தளை வாத்தியங்கள் யாருடையவை? தட்டில் பாடகியின் பெயர் இருக்கிறது. விசுவநாதன் - ராமமூர்த்தி பெயர் இருக்கிறது. ஊதியவர் பெயர் இல்லை. ஆங்கிலோ-இந்தியராக இருக்கலாம், கோவாக்காரராக இருக்கலாம், நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்த பையனாகக்கூட இருக்கலாம். பாட்டைக் கேட்டுக் கண் கலங்கிய நாம், அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதைக்கூட விசாரிக்கவில்லை.

ஜாஸ் என்பது பணக்காரர் ஓட்டல் கேளிக்கை, அதற்கு இத்தனை விசாரம் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கேட்டவர்கள் பணக்காரர்கள் என்பது வாஸ்தவம். வாசித்தவர்கள் கூலிக்கு வாசித்தவர்கள். சதிர்க் கச்சேரிக்கும் ஜமீன்தார்தான் பணம் கொடுத்தார்; அதற்காக நட்டுவனாரின் வித்தையை ஜமீன்தார் கணக்கில் எழுதிவிடுவோமா?

வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற ஓரிருவர் பல்லாயிரக்கணக்கான தட்டுகளைச் சேர்த்ததோடு நில்லாமல், அவற்றைக் கேட்டு, அவற்றைப் பற்றி எழுதியும் வந்திருக்கிறார்கள். பாடியவர் யார், எந்த வருஷம், எந்த மெட்டுக்கு எது மூலம் என்பதை நாம் ஓரளவு அறிந்திருப்பது இப்படிப்பட்டவர்களால்தான். பக்கவாத்தியக்காரர்களின் வரலாற்றை எழுதும் வேலை மட்டும் அப்படியே கிடக்கிறது.

பரண்மேல் பழைய தட்டுப் பெட்டி உள்ள வாசகர்கள் இருப்பார்கள். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்காரனிடம் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். சென்னை ஸ்டூடியோக்களில் டிரம்பெட்டோ கிளாரினெட்டோ வாசித்த கிழவர் ஒருவர் உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அவரைக் கூப்பிட்டுத் தட்டைப் போட்டுக் காட்டி, இதில் வாசித்தது யார் என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற பெயரை உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். பிறகு தட்டை விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் கேட்பதைச் சீக்கிரம் கேட்டுவிட வேண்டும். அந்த வயதுக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.