பயணிக்கு முன்னே போகும் பெயர்

அக்கரப்பத்தனையிலிருந்து வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் புறப்படும் பெண் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும் முன்பே, அவளைப் பற்றிய விவரங்கள் அக்கரைக்குப் போய்ச் சேர்வது வழக்கமாகி வருகிறது. கடவுச்சீட்டு விவரம் மட்டுமல்ல, டிக்கட் எடுத்தபோது பதிவான தொலைபேசி எண், பணம் கட்டிய விதம், கூடப் பயணிப்பவர்கள், பொதி விவரம் எல்லாமே இதில் சேரும். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா தொடங்கிய இந்த முறையை, 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 2396ஆம் தீர்மானத்தால் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கடமையாக்கியது. இந்தியா 2022 ஆகஸ்டில் விதிகளை வகுத்தது. அவற்றின்படி விமானம் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே விவரங்கள் சுங்கத்துக்குப் போக வேண்டும். அவை 5 ஆண்டுகள் இருப்பில் இருக்கும். பிற நாடுகளோடும் பகிரப்படலாம்.

இதனால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2010 மே 1ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் வெடிகுண்டு வண்டியை நிறுத்திய ஃபைசல் ஷாசாத், இரண்டு நாள் கழித்து டுபாய் விமானத்தில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். விமான நிறுவனம் கடைசியாக அனுப்பிய பயணிகள் பட்டியலில் அதிகாரிகள் அவர் பெயரைக் கண்டதால்தான் பிடிபட்டார். ஆனால் அவர் யார் என்பது அதற்குள் புலனாய்வில் தெரிந்திருந்தது. தேடப்படுபவர் யாரென்று தெரிந்திருக்கும்போது இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. யாரென்று தெரியாமல் எல்லோரையும் சலிக்கும்போதுதான் சிக்கல்.

தகவல் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கைக்கு நம் இலங்கையே மறுப்பு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி இந்தியா ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்தது. 21ஆம் திகதி குண்டுகள் வெடித்தன. முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, நட்டஈடு கட்டச் சொன்னது. அயல்நாட்டுத் தகவல் கையில் இருந்தது; அதைக் கையாளும் பொறுப்புத்தான் இல்லை. 2009 கிறிஸ்துமஸ் நாளில் டெட்ராய்ட் விமானத்தைத் தகர்க்க முயன்ற நைஜீரிய இளைஞரைப் பற்றி அவருடைய தந்தையே அமெரிக்கத் தூதரகத்தில் எச்சரித்திருந்தார். அதிகாரிகள் பெயரை எழுத்துப்பிழையோடு தேடியதால், அவரிடம் விசா இருந்தது கண்ணில் படவில்லை.

எழுத்துப்பிழை குற்றவாளியைத் தப்பவிடும். நிரபராதியை மாட்டியும் விடும். தோட்டத்தில் பிறந்தவளின் பெயர் பிறப்புப் பதிவில் லெட்சுமி, பாடசாலை இடாப்பில் லட்சுமி, அடையாள அட்டையில் லச்சுமி என்று இருப்பது மலையகத்தில் புதுமையல்ல. ஆங்கில எழுத்துக்குப் போகும்போது குழப்பம் இன்னும் பெருகும். தகப்பன் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஏறிவிட்டால், கணினிக்கு ஊரிலுள்ள இராமசாமி மக்கள் எல்லோரும் ஒரே குடும்பம். ஏஜென்சிக்காரர் பத்துப் பெண்களுக்குத் தன் எண்ணைக் கொடுத்து, தன் கணக்கிலிருந்து பணம் கட்டினால், முன்பின் அறியாத பத்துப் பேரும் கூட்டாளிகளாகத் தெரிவார்கள். இது வெறும் ஊகமல்ல. ஐரோப்பாவில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் கணினி சந்தேகித்த ஆறு பேரில் குறைந்தது ஐவர் விடயத்தில், அதிகாரிகள் தனித்தனியாகச் சரிபார்த்தபோது பொருத்தம் தவறென்று தெரிந்ததாக ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

சரிபார்த்துக்கொள்ள ஒரு பட்டியலும் தேவை. இலங்கை அரசு 2014இல் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பயங்கரவாதத் தொடர்புடையோர் என வர்த்தமானியில் அறிவித்தது. 2015இல் ஆட்சி மாறியதும் பலரை நீக்கியது, 2021இல் மீண்டும் சேர்த்தது, 2022இல் மீண்டும் நீக்கியது. ஆட்சியோடு மாறும் பட்டியல் ஒரு தடவை எல்லை தாண்டிவிட்டால், திருத்தமும் பின்னால் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கனடியக் குடிமகன் மாஹெர் அராரின் கதை இதற்குச் சான்று. கனடியப் பொலிஸ் கொடுத்த பிழையான தகவலை நம்பி, அமெரிக்கா அவரை 2002இல் சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே அவர் சித்திரவதைக்கு ஆளானார். கனடா 2007இல் மன்னிப்புக் கேட்டு 10.5 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுத்தது. அப்போதும் அமெரிக்கா தன் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவரை நீக்க மறுத்தது.

மடியில் கனமில்லாதவர்க்கு வழியில் என்ன பயம் என்று கேட்பார்கள். கனம் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் மடியில் இல்லை; வேறொருத்தியின் பெயரில் அவள் தலையில் ஏற்றப்படுகிறது. விமானம் தவறினால் ஏஜென்சிக்குக் கட்டிய கடன் யார் தலையில்? சிறிய நாடு மறுக்க முடியுமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு; ஐ.நா. தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அதே தீர்மானம் மனித உரிமைகளையும் மதிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022இல், சந்தேகத்துக்கு ஆதாரமில்லாத பயணிகளின் விவரத்தை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எல்லை போட்டது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் நம் மலையக மக்களைக் கேட்காமலேயே தலையெண்ணிப் பங்கிட்டார்கள். அந்த வரலாறுள்ள மண், அரசுகள் தமக்குள் பேசி முடித்ததை அப்படியே ஏற்கத் தேவையில்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பாதுகாப்புக்கு விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்குக்குள் பயணிகள் விவரம் முழுவதும் காணாமல் போக விடக் கூடாது. பகிர்வு உடன்படிக்கைகள் பாராளுமன்றத்துக்கு வர வேண்டும். ஒரு நாடு செய்யும் திருத்தத்தை, விவரத்தைப் பெற்றுக்கொண்ட நாடும் ஏற்றாக வேண்டும். தவறாக நிறுத்தப்பட்டவர் தமிழிலேயே முறையிட ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஓர் அலுவலகம் வேண்டும். மலையக உறுப்பினர்கள் இதைச் சபையில் எழுப்பட்டும்.