தொன்மையும் விருந்தும்: ‘பேஷ்கார்’ இடம்பெற்ற சேர்ந்திசை நிகழ்ச்சி – ஒரு திறனாய்வு

முன்னுரை

செவ்வியல் படைப்புகளுக்கு நடுவே புதிதாக இயற்றுவிக்கப்பட்ட ஒரு படைப்பை வைத்து அரங்கேற்றுவது மேலை இசையரங்குகளில் வழக்கமாகியுள்ளது. பழையதன் புகழ் புதியதற்குக் கேட்போரைச் சேர்த்துத் தரும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஆயின் புதியது பழையதற்கு எதைத் தருகிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இந்திய சிம்பொனி இசைக்குழு 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் மேற்கொண்ட இசைப்பயணத்தில், மார்ட்டின் பிராபின்ஸ் நெறிப்படுத்திய நிகழ்ச்சி நிரலை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. வெபரின் ‘ஓபெரான்’ முன்னிசை, ஜாகிர் உசேனின் தபலா கான்செர்ட்டோவாகிய ‘பேஷ்கார்’, ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரசாத்’ ஆகிய மூன்றும் அந்நிரலில் இடம்பெற்றன.

தொல்காப்பியர் காட்டும் வழி

பழமையையும் புதுமையையும் ஒருங்கு வைத்து எண்ணும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் தொன்மையும் உண்டு, விருந்தும் உண்டு. உரையோடு கூடிய பழங்கதையின் மேல் வருவது தொன்மை. புதிதாகப் புனையப்பெறும் யாப்பின் மேல் வருவது விருந்து. இரண்டும் ஒரே வரிசையில் வனப்பாகவே எண்ணப்பட்டுள்ளன. விருந்துக்கு எடுத்துக்காட்டாகப் பேராசிரியர் முத்தொள்ளாயிரத்தையும் பொய்கையார் முதலாயினோர் இயற்றிய அந்தாதிச் செய்யுளையும் சுட்டுகிறார். உரையாசிரியர் விருந்தெனக் கண்ட அந்தாதி இன்று பழமையான சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது. ஆகவே விருந்து என்பது ஒரு படைப்பின் நிலைத்த இயல்பாகாது. அது காலத்தால் அமையும் நிலையே ஆகும்.

‘ஓபெரான்’ இதற்கு மேலைச்சான்று. இந்த இசைநாடகத்தை லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கின் வேண்டுகோளை ஏற்றே வெபர் இயற்றினார். 1826 ஏப்ரலில் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூனில் அந்நகரிலேயே அவர் மறைந்தார். இன்று செவ்வியல் எனப் போற்றப்படும் இம்முன்னிசை, தன் காலத்தில் இயற்றுவிக்கப்பட்ட புதுப்படைப்பாகவே கேட்கப்பட்டது.

கீழைத்திசை பற்றிய இரு புனைவுகள்

நிரலின் இரு செவ்வியல் படைப்புகளும் கீழைத்திசையை வெளியிலிருந்து புனைந்தவை என்பது கருதத்தக்கது. ‘ஓபெரான்’ கதையின் ஒரு பகுதி பாக்தாத்தில், கலீபா ஹாரூன் அல் ரஷீதின் அரண்மனையில் நிகழ்கிறது. 1888இல் இயற்றப்பட்ட ‘ஷெஹரசாத்’ ஆயிரத்தொரு இரவுகள் கதைத்தொகுதியைப் பின்புலமாகக் கொண்டது. சுல்தானின் கடுமையை உணர்த்தும் கனத்த இசைக்கருத்தோடு அது தொடங்க, யாழையொத்த ஹார்ப்பின் துணையோடு தனி வயலின் எழுந்து கதைசொல்லும் பெண்ணின் குரலாகிறது. இசையமைப்பின் நயத்தில் ஐயமில்லை. எனினும் அக்குரல் ரஷ்யக் கலைஞர் ஒருவர் கற்பனை செய்த கீழைக்குரல். கீழைத்திசை இங்குப் பாடுபொருளாக இருக்கிறது, பாடுநராக இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே தபலாவை ஏந்திய இந்தியக் கலைஞர் தம் படைப்போடு அமரும்போது நிரலின் பொருளே மாறுகிறது. புனையப்பட்டோர் புனைவோராகின்றனர். ‘பேஷ்கார்’ ஒலித்தபின் ‘ஷெஹரசாத்’தைக் கேட்பவர், அதன் அழகை நுகரும்போதே அது யாருடைய கண்ணால் கண்ட கிழக்கு என்பதையும் எண்ண நேர்கிறது. புதியது பழையதற்குத் தரும் கொடை இதுவே.

‘பேஷ்கார்’: பெயரும் அமைப்பும்

பேஷ்கார் என்னும் பாரசீகச் சொல் தமிழருக்கு அறிமுகமானதே. திருவிதாங்கூர் ஆட்சியில் கோட்டங்களை நிருவகித்தோர் திவான் பேஷ்கார் எனப்பட்டனர். தபலாத் தனியாவர்த்தனத்தில் அச்சொல், தொடக்கத்தில் விளம்பமாக வாசிக்கப்பெறும் பகுதியைக் குறிக்கும். தாளச் சுற்றின் இயல்பை அவைக்கு முன்வைத்து, பின்வரும் காயிதா முதலியவற்றுக்குக் களம் அமைப்பது அதன் பணி.

2006இல் மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் உருவான இவ்விசைக்குழு இயற்றுவித்த இப்படைப்பு, 2015இல் மும்பையில் அரங்கேறியது. இதற்கு முன்னோடிகள் உண்டு. ரவிசங்கரின் முதல் சித்தார் கான்செர்ட்டோவை 1971இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவும், இரண்டாவதை 1981இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவும் அரங்கேற்றின. அவற்றை இயற்றுவித்தவை அயல்நாட்டுக் குழுக்கள். ‘பேஷ்கா’ரை இயற்றுவித்ததோ இந்தியக் குழு. அக்குழுவின் கலைஞர்களுள் கணிசமானோர் அயல்நாட்டவர் என்பதும் மறுக்கவியலாத உண்மை. ஆயினும் எதை இயற்றுவிப்பது, எதனோடு சேர்த்து வைப்பது என முடிவுசெய்யும் உரிமை இடம்மாறியது வரலாற்றுச் சிறப்புடையது.

மரபில் தபலா பெரும்பாலும் பக்கக்கருவி. தனியாவர்த்தனத்தில் மட்டும் அது முதன்மை பெற, சாரங்கியோ ஆர்மோனியமோ ‘லெஹரா’ எனப்படும் மெட்டை மீண்டும் மீண்டும் வாசித்துத் தாளச் சுற்றைக் காத்து நிற்கும். பெரிய சேர்ந்திசைக் குழுவை அவ்வாறு வெறும் லெஹராவாக நிறுத்தினால் அதன் ஆற்றல் வீணாகும். ஜாகிர் உசேன் குழுவுக்கெனத் தனி இசைப்பகுதிகளை அமைத்து இவ்விடரைத் தவிர்த்தார். தபலாவின் வலப்பக்கக் கருவி குறித்த சுருதிக்குக் கூட்டப்படுவதால், அது குழுவோடு சுரத்தளவிலும் இயைகிறது. எனினும் ஒரு குறை சுட்டத்தக்கது. ஒரு சொற்கட்டைப் பலவாறு மாற்றி விரிக்கும் காயிதாவின் தருக்கம் தபலாவில் வெளிப்படும் அளவுக்கு நரம்பிசைப் பகுதிகளில் வெளிப்படவில்லை. ஆகவே சில இடங்களில் இரு மரபுகளும் ஒன்றோடொன்று பின்னாமல் மாறிமாறி வருகின்றன.

எழுத்தும் கையும்

இந்நிரல் எழுப்பும் ஆழமான சிக்கல் பாடம் பற்றியது. ‘ஷெஹரசாத்’தின் வயலின் பகுதி முழுமையாக எழுதப்பட்டது. எந்த நாட்டு வயலின் கலைஞரும் அச்சுரக்குறிப்பைக் கொண்டு அக்கதைசொல்லியை மீண்டும் பேசவைக்கலாம். தபலாவின் இயல்போ வேறு. குருவின் வாயிலிருந்து மாணாக்கரின் வாய்க்கும் கைக்கும் போல்கள் வழியாகக் கடத்தப்படும் அக்கலையில், நிகழ்த்தும் நேரத்துக் கற்பனைக்குப் பேரிடம் உண்டு. குழு எழுதியதை வாசிக்க, கலைஞர் அவ்வேளையில் தோன்றுவதையும் சேர்த்து வாசிப்பதே ‘பேஷ்கா’ரின் உயிர்ப்பு, அதன் நிலைபேற்றுக்கு இடையூறும் அதுவே.

2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தபின் இச்சிக்கல் கூர்மை பெற்றுள்ளது. படைத்தவரும் நிகழ்த்தியவரும் ஒருவராயிருந்த படைப்பு, அவருக்குப் பின் எவ்வாறு வாழும்? ஒலிப்பதிவை அப்படியே பின்பற்றுவது நினைவுச்சடங்காக முடியும். தபலாப் பகுதியை முற்றும் எழுதி நிலைப்படுத்துவது அம்மரபின் இயல்புக்கு மாறானது. குழுவுக்குரிய பாடத்தை மாற்றாமல், தனிக்கருவிக்குரிய இடங்களைப் பிற கரானாக்களின் கலைஞர்கள் தத்தம் மரபால் நிரப்புவதே ஏற்புடைய வழியாகத் தோன்றுகிறது. வாய்மொழிக் கதைப்பாடல்களின் சட்டகம் நிலைத்திருக்க, பாடுநர்தோறும் பாடம் வேறுபடுவதைத் தமிழாய்வு நன்கறியும்.

முடிவுரை

புதுப்படைப்பைச் செவ்வியல் படைப்புகளோடு இணைத்து வைப்பது, கேட்போரைச் சேர்க்கும் உத்தி என்பதோடு அமையாது. அது ஒரு திறனாய்வுச் செயலும் ஆகும். ‘பேஷ்கார்’ தன் இருபுறமும் உள்ள படைப்புகளின் கீழைத்திசைப் புனைவைக் கேள்விக்கு உட்படுத்தியது. ஆனால் ஒரு முறை விருந்து படைத்ததனால் அது தொன்மையாகிவிடாது. முத்தொள்ளாயிரமும் அந்தாதியும் பின்வந்தோரால் ஓதவும் பின்பற்றவும் பெற்றமையால் நிலைபெற்றன. ‘பேஷ்கார்’ தன் ஆசிரியரின் கையைக் கடந்து வேறு கைகளில் ஒலிக்க வேண்டும். அதற்கு வழிசெய்யும் பொறுப்பு அதனை இயற்றுவித்த குழுவுக்கும், தபலாவைப் பயிலும் அடுத்த தலைமுறைக்கும் உரியது.