புளியந்தீவின் இரண்டு பள்ளிகள்

ஒரு திருச்சபையின் பெருந்தன்மையை அதன் ஞாயிறு ஆராதனைக் கூட்டத்தைக் கொண்டு அளக்க முடியாது. தன் வேதத்தை ஏற்காதவனுக்கு அது என்ன கொடுத்தது என்று பார்க்கவேண்டும். மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் இதற்குச் சான்று உண்டு. 1814இல் வந்த வெஸ்லியன் போதகர் வில்லியம் ஓல்ட் பள்ளி தொடங்கி, ஓராண்டுக்குள் காலமானார். அவர் இட்ட வித்துத்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி பின்னர் எழுந்தது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் இரண்டிலும் படித்தார்.

மதம் மாற்றத்தானே பள்ளி கட்டினார்கள் என்று கேட்கலாம். அந்த நோக்கம் இருந்தது, மறைப்பதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பள்ளி தொடங்கியதும் அதை எதிர்த்துத்தான். ஆனால் விளைவு நோக்கத்தைத் தாண்டிப் போயிற்று. மயில்வாகனம் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலாநந்தரானார். கல்லடியில் சிவானந்த வித்தியாலயம் கண்டார். ‘யாழ் நூல்’ தந்தார். மிஷன் பள்ளியின் மிகச் சிறந்த மாணவர் இந்துத் துறவி என்பதைத் தோல்வியாக எண்ணுவோர் எண்ணட்டும். என் கணக்கில் அதுவே வெற்றி. அந்தப் பெருந்தன்மைக்குப் பிற்காலச் சான்றும் உண்டு. அமெரிக்க இயேசு சபைக் குருவான யூஜின் ஹேர்பட் அடிகளார் மிக்கேலில் கூடைப்பந்து பழக்கினார். (பந்துக்கு ஞானஸ்நானம் வேண்டியதில்லை.) இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபோதும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர், உடன்வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை.